பயிற்சி வாள்

'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்பது நம் நாட்டுப் பழமொழி. அது வல்லவனைப் பற்றிய சொல்; கற்கத் தொடங்கும் மாணவனைப் பற்றியதன்று. கற்பவன் கையிற் புல் ஆயுதம் ஆகாது. பழுதுற்ற ஆயுதமோ அவனுக்கே பகையாய் முடியும். ஆதலின், பழைய போர்க்கலைகளைப் பயில விரும்பும் இளைஞர், தாம் கையிற் கொள்ளும் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையை முதற்கண் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

இதனை எண்ணிப் பார்ப்பதற்குப் புதுச்சேரி ஏற்ற ஊராகும். தமிழர் கலையும் பிரெஞ்சுக்காரர் கலையும் ஒருங்கே வழங்கிய நகரம் அது. 1746 ஆம் ஆண்டில், பிரெஞ்சு வீரரும் அவர்தம் முறையிற் பயிற்சி பெற்ற நம் நாட்டுச் சிப்பாய்களும் அடங்கிய ஒரு சிறுபடை, சென்னையை அடுத்த அடையாற்றங்கரையில் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை வென்றது. எண்ணிக்கையினும் பயிற்சியே பெரிது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. 1910 ஆம் ஆண்டிற் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த வ. வே. சு. ஐயர், இளைஞர்கள் உடல் வலிமை பெறுதல் வேண்டும் என்பதிற் பெரிதும் ஊக்கங் காட்டினார். 1954 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிற் பிரெஞ்சு ஆட்சி நீங்கிற்று. ஆயினும், சிலம்பம் அந்நகரில் இன்றும் பயிலப்பட்டு வருகின்றது.

சிலம்பம் பயில்வோன் முதலிற் கையிலெடுப்பது வாளன்று, கோல். கோலைத் தேர்வதிலேயே வாளைத் தேரும் அறிவும் தொடங்குகின்றது. மூங்கில் முற்றியதாகவும், நன்கு உலர்ந்ததாகவும், நேரியதாகவும் இருத்தல் வேண்டும். வண்டு துளைத்ததும் வெடிப்பு ஓடியதும் ஆகா. கணுக்களைச் சீவி மழமழப்பாக்குதல் வேண்டும். இல்லையேல், கோல் சுழலும்போது உள்ளங்கை கிழியும். நிமிர்ந்து நின்றால் தரையிலிருந்து நெற்றியளவு உயர்ந்து நிற்கும் கோலே பொதுவாக ஏற்றதெனக் கொள்வர். பிறனுக்குப் பொருந்திய கோல் நமக்குப் பொருந்தாது என்பதே இதனால் நாம் பெறும் முதற் பாடம்.

இனி, வாளைக் காண்போம். முன்னோர் ஏந்திய வாள்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போன்ற இடங்களிற் காக்கப்பட்டு வருகின்றன. அவை கண்டு கற்பதற்குரியன. எடுத்து வீசுவதற்குரியன அல்ல. ஆகவே, அவற்றின் உருவையும் எடையையும் ஒத்த போலி வாள்களைச் செய்து பயில்கின்றனர். இப்போலி வாள்கள் இருவகைப்படும்: சுவரில் மாட்டி அழகு பார்ப்பதற்கென்றே செய்தவை ஒருவகை, பயிற்சிக்கென்று செய்தவை மற்றொரு வகை. இரண்டும் கடையிற் பார்க்கும்போது ஒன்று போலவே தோன்றும். அழகு வாளே பெரும்பாலும் மிகுதியாகப் பளபளக்கும். அப்பளபளப்பைக் கண்டு மயங்குதல் கூடாது.

நல்ல விதிகளோடு நடைபெறும் விளையாட்டிலும் அலகு முறிந்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1982 ஆம் ஆண்டில் உரோம் நகரில் வாட்போர் உலகப் போட்டி நடைபெற்றது. அதிற் சோவியத்து வீரர் விளாதிமிர் சுமிர்னோவ் ஆடிக்கொண்டிருந்தபோது, எதிராளியின் மெல்லிய வாள் முறிந்தது. முறிந்த முனை அவர்தம் முகக்காப்பைத் துளைத்து உட்சென்றது. சில நாட்களில் அவர் உயிர் துறந்தார். உலகமே போற்றிய வீரர் அவர். எதிராளியும் பகைகொண்டு தாக்கினாரல்லர். அத்துயருக்குப் பின்னரே முகக்காப்பும் உடையும் வலுப்படுத்தப்பட்டன. அலகுக்குரிய எஃகும் மேம்பட்டது. ஒரு வாளின் தரம் என்பது ஓர் உயிரின் பாதுகாப்பு என்பதை நாம் ஒருபோதும் மறத்தலாகாது.

வாளின் உயிர்நிலை அதன் எஃகில் உள்ளது. எஃகு மிகக் கடினமாயின் கண்ணாடி போல் உடையும். மிக மென்மையாயின் வளைந்தபடியே நின்றுவிடும். வளைந்து மீண்டும் நேராகும் வில்லெஃகே பயிற்சி வாளுக்கு உகந்தது. நம் ஊர்க் கொல்லர்கள் லாரியின் வில் தகட்டை உலையிலிட்டு அரிவாள் அடிப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அத்தகடும் இவ்வகை எஃகே. ஆனால், எஃகு நல்லதாயிருத்தல் மட்டும் போதாது. அதனைக் காய்ச்சித் தோய்த்தபின், மறுபடியும் அளவான சூட்டிற் பதப்படுத்துதல் வேண்டும். பதம் தவறிய நல்லெஃகும் தீய வாளாகவே முடியும். கொடுமணலில் நடந்த அகழாய்வில் இரும்புத் தொழிலுக்குரிய உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. அவ்வாறு பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே உருக்கை அறிந்த நாட்டில் பிறந்த நாம், எஃகின் பதத்தை அறியாமல் வாள் வாங்குவது பொருந்துமா?

அடுத்து நோக்க வேண்டியது, கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதி. நல்ல வாளில் அலகின் அடிப்பகுதி தொடர்ந்து, கைப்பிடியின் உள்ளே சென்று, கடைக்குமிழிற் பொருந்தி உறுதிப்படும். அழகு வாள்களிற் பெரும்பாலும் மெல்லிய கம்பி ஒன்றையே அங்கே பற்றவைத்திருப்பர். வேகமாக வீசும்போது அலகு கழன்று பறக்கும்; அது யார்மேல் விழும் என்பதை வீசியவனும் அறியான். ஆதலின், விற்பவரிடம் உட்பகுதியின் அமைப்பைக் கேட்டறிந்த பின்னரே விலை பேசுதல் வேண்டும்.

பயிற்சி வாளின் விளிம்பு கூர்மையற்று, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்புடன் இருப்பது நலம். முனை உருண்டையாக இருத்தல் வேண்டும். வாளின் எடையும் உண்மை வாளின் எடையை ஒத்திருத்தல் வேண்டும். ஐரோப்பியர் ஒரு கையால் வீசிய பழைய வாள்களிற் பல, ஏறத்தாழ 1 கிலோ முதல் 1.5 கிலோ வரை எடையுள்ளவை. இன்றைய விளையாட்டு வாட்போரில் வழங்கும் சேபர் வாளோ 500 கிராமுக்கும் குறைந்தது. தமிழ்நாட்டு வீராங்கனை பவானி தேவி, இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் வாட்போருக்குத் தகுதி பெற்ற முதல்வராய், 2021 ஆம் ஆண்டில் டோக்கியோவில் ஏந்தியது இவ்வகை வாளே. கலை வேறாயின் கருவியும் வேறாகும். எடையோடு சமநிலையையும் பார்த்தல் வேண்டும். அலகை ஒரு விரல்மேல் வைத்தால், கைக்காப்பிலிருந்து சில விரற்கடைத் தொலைவில் அது சமமாக நிற்பது நன்று. சமநிலை முனைப்பக்கம் மிகுதியாகச் சென்றால் மணிக்கட்டு விரைவில் நோகும்.

வாங்கியபின் பேணுதலும் ஒரு கடமையாகும். புதுச்சேரி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று எஃகை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். பயிற்சி முடிந்ததும் கை வியர்வையைத் துடைத்து, மெல்லிதாக எண்ணெய் பூசி வைத்தல் வேண்டும். விளிம்பில் எழும் பிசிறுகளை அரத்தால் அராவி நீக்குதல் வேண்டும். பானையைத் தட்டிப் பார்ப்பது போல் அலகையும் தட்டிப் பார்க்கலாம். ஒலி மங்கினாலோ, சிறு கீறல் தென்பட்டாலோ, அவ்வாளைப் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவதே அறிவுடைமை. விலை கொடுத்து வாங்கினோமே என்று இரங்குதல் கூடாது.

மாணவர்களே! ஆசிரியரின் கண்காணிப்பின்றியும், முகக்காப்பும் கையுறையும் இன்றியும் வாளைத் தொடாதீர்கள். கோலில் தேர்ச்சி பெறாமல் வாளை நாடாதீர்கள். பயிற்சிக் களத்தில் நமக்கு எதிரே நிற்பவன் பகைவனல்லன். நம்மை நம்பித் தன் உடலை நம்முன் நிறுத்தும் தோழன். அவன் வைத்த நம்பிக்கைக்குத் தகுதியான வாளைத் தேர்ந்து எடுப்பவனே உண்மை வீரன் ஆவான்.