ஜெர்மனியில ஃபீஸ் இல்லையாம்… அப்புறம் எதுக்கு 12 லட்சம் லோன்?



"ஜெர்மனியில ஃப்ரீயா மாஸ்டர்ஸ் படிக்கலாம்ணே, பேங்க்ல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னு உங்க தம்பி கேக்குறாரா? போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாத்துடுங்க.

ஃபீஸ் நிஜமாவே இல்லையா?

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள்ல வெளிநாட்டு மாணவர்களுக்கும் டியூஷன் ஃபீஸ் கிடையாது. செமஸ்டருக்கு ஒரு சின்னக் கட்டணம்தான். ஆனா பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017லருந்து நம்ம ஊர் மாணவர்கள்கிட்ட செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024லருந்து மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குது. அதனால நாட்டைப் பாக்காதீங்க, யுனிவர்சிட்டியைப் பாருங்க.

பணம் எங்க போகுது?

விசாவுக்கு முதல் வருஷச் செலவைக் காட்டணும். அதுக்குப் பெரும்பாலானவங்க போடுறது பிளாக்டு அக்கவுன்ட். 2024 செப்டம்பர்லருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. மாசம் 992 யூரோதான் எடுக்க முடியும். யூரோ 100 ரூபாய்னு வச்சுக்கிட்டா, கிட்டத்தட்ட 12 லட்சம்.

வில்லாபுரம் அண்ணன் கணக்கு

வில்லாபுரத்துல 45,000 சம்பளம் வாங்குற ஒரு அண்ணன்னு வச்சுக்குவோம். 12 லட்சம் லோன், 11% வட்டி. படிப்பு 2 வருஷம், அதுக்கப்புறம் 1 வருஷம் இஎம்ஐ கிடையாது. ஆனா வட்டி ஓடிட்டேதான் இருக்கும்.

- 3 வருஷ வட்டி (தனி வட்டி): 3.96 லட்சம்
- அதையும் அசலோட சேத்தா: 15.96 லட்சம்
- 7 வருஷ இஎம்ஐ: சுமார் 27,300

அதே அண்ணன் 3 வருஷமும் மாசம் 11,000 வட்டியைக் கட்டிட்டே வந்தா, இஎம்ஐ சுமார் 20,500தான்.

7.5 லட்சத்துக்கு மேல போனா வங்கிகள் பொதுவா சொத்து அடமானம் கேக்கும். அதாவது அப்பா கட்டின வீட்டுப் பத்திரம். தம்பிக்கு வேலை கிடைக்க லேட்டானா, கோ-அப்ளிகன்ட்டான உங்க சிபில் ஸ்கோர்தான் அடிபடும். நாளைக்கு உங்க ஹோம் லோன் தகுதியும் குறையும்.

பலருக்குத் தெரியாத விஷயம்

கல்விக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை, நமக்கும் கணவன்/மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எடுத்த கடனுக்குத்தான் (நாம சட்டப்படி கார்டியனா இருந்தா அந்த மாணவருக்கும்). தம்பி, தங்கச்சிக்குக் கிடையாது! நீங்க கட்டினாலும் க்ளெய்ம் பண்ண முடியாது. அப்பா கடன்தாரரா இருந்து அவரே வட்டி கட்டினா அவர் க்ளெய்ம் பண்ணலாம், அதுவும் பழைய வரி முறையில மட்டும்.

கையெழுத்துக்கு முன்னாடி

1. முதல்ல ஸ்காலர்ஷிப் தேடச் சொல்லுங்க. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழக அரசோட அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை இருக்கு. ஜெர்மனியோட டிஏஏடி அமைப்போட சில ஸ்காலர்ஷிப்புக்கு 2 வருஷ வேலை அனுபவம் வேணும். வேலையில இருக்குற நீங்களே படிக்கப் போறதா இருந்தா அது உங்களுக்கு ப்ளஸ்.
2. படிக்கும்போது வட்டியை யார் கட்டுறதுன்னு இப்பவே பேசுங்க.
3. ஆறு மாச இஎம்ஐயைத் தனியா சேத்து வைங்க.

தம்பி படிக்கட்டும், நல்லாப் படிக்கட்டும். ஆனா 27,300ஐ உங்க சம்பளத்துல கழிச்சுப் பாத்து, மிச்சத்துல வீடு ஓடுமான்னு தெரிஞ்சுக்கிட்டு பேனாவை எடுங்க. முழுக் கணக்கையும் ஸ்டெப் பை ஸ்டெப்பா வீடியோவுல போட்டுக் காட்டியிருக்கேன், பாருங்க!