சிட்னிப் பல்கலைக்கழகத்தில் அரை நாள்

சிட்னிக்கு வருகிறவர்கள் ஓபரா மாளிகையையும் துறைமுகப் பாலத்தையும் முதல் நாளே பார்த்துவிடுகிறார்கள். இரண்டாம் நாள் எங்கே போவது என்று என்னைக் கேட்டால், பல்கலைக்கழகத்துக்குப் போங்கள் என்பேன். பிள்ளை அங்கே படித்தால் பட்டமளிப்புக்காவது போய்த்தான் தீருவீர்கள். யாரும் படிக்காவிட்டாலும் போகலாம். நுழைவுச் சீட்டு கிடையாது. வாசலில் நிறுத்தி "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்கும் காவலரும் கிடையாது.

பலரும் ரெட்ஃபெர்ன் ரயில் நிலையத்தில் இறங்கிப் பின்பக்கமாக நுழைந்துவிடுகிறார்கள். அந்த வழியைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, பிராட்வே வழியாக நடந்தோ பேருந்திலோ விக்டோரியா பூங்காவுக்கு வாருங்கள். பேருந்துக்குத் தனி அட்டை தேவையில்லை, வங்கி அட்டையைக் கருவியில் தொட்டால் போதும். ஏறும்போது தொட்டதுபோல இறங்கும்போதும் தொட மறக்காதீர்கள். பூங்காவில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. அதன் கரையிலிருந்து மேட்டை நிமிர்ந்து பார்த்தால் மணற்கல் கோபுரமும் நீண்ட முகப்பும் தெரியும். இந்த முதல் பார்வைக்காகத்தான் இவ்வளவு சுற்று.

பார்த்ததும் ஐந்நூறு ஆண்டுப் பழமை என்று தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் கட்டினார்கள். நியூ சவுத் வேல்சுக்குக் கைதிகளைக் கப்பலில் அனுப்புவது 1840இல்தான் நின்றது. அடுத்த பத்தாண்டில், 1850இல், இந்தப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் நிறைவேறியது. ஆஸ்திரேலியாவில் இதற்கு மூத்தது வேறில்லை. முன்னின்று வாதாடியவர் வில்லியம் சார்லஸ் வென்ட்வொர்த். அவருடைய தாயே கைதியாக வந்தவர். 1852 அக்டோபரில் வகுப்பு தொடங்கியபோது சொந்தக் கட்டடம் இல்லை. ஹைட் பூங்காவுக்கு எதிரே, இன்று சிட்னி கிராமர் பள்ளி இருக்கும் இடத்தில், ஒரு பெரிய பள்ளி அறைதான் பல்கலைக்கழகம். மாணவர்கள் 24 பேர், பேராசிரியர்கள் மூவர். செவ்வியல் மொழிகளுக்கு ஜான் வுல்லி, கணிதத்துக்கு மோரிஸ் பெல், வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் ஜான் ஸ்மித். இவர்களில் வுல்லி 1866இல் 'லண்டன்' என்ற கப்பல் மூழ்கியபோது கடலோடு போனார்.

கட்டடம் எழுப்ப எட்மண்ட் பிளாக்கெட் வந்தார். அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் பதவியை இதற்காகவே விட்டவர். பக்கத்து பிர்மாண்ட் குன்றிலிருந்து கல் வந்தது. பாணி மட்டும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜை ஒட்டியது. நேற்று முளைத்த ஊர், தாத்தாவின் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி. ஆனால் கோட்டுக்குள் இருந்த சட்டம் புதியது. சேருவதற்கு மதச் சோதனை எதுவும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையெழுத்திட்டால்தான் சேர முடியும் என்ற காலம் அது.

மதத்தை வெளியே நிறுத்தினால் திருச்சபைகள் சும்மா இருக்குமா? வளாகத்தின் ஓரத்தில் தங்கும் கல்லூரிகள் கட்டிக்கொள்ள அவற்றுக்கு இடம் கொடுத்தார்கள். ஆங்கிலிக்கனுக்கு செயின்ட் பால்ஸ், கத்தோலிக்கருக்கு செயின்ட் ஜான்ஸ், பிரஸ்பிட்டேரியனுக்கு செயின்ட் ஆண்ட்ரூஸ். பாடமும் பட்டமும் பல்கலைக்கழகத்தில், சாப்பாடும் வழிபாடும் கல்லூரியில் என்பது ஏற்பாடு. நம் ஊரில் பல்கலைக்கழகத்தோடு 'இணைந்த கல்லூரி'யில் பாடம் நடக்கும். இங்கே 'காலேஜ்' என்று உங்கள் பிள்ளை சொன்னால் அது விடுதியாக இருக்கலாம். பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூங்காவிலிருந்து யுனிவர்சிட்டி அவென்யூ வழியாக மேடேறினால் முகப்புக்கு எதிரே சௌ சக் விங் அருங்காட்சியகம் இருக்கிறது. 2020 நவம்பரில் திறந்தார்கள், அனுமதி இலவசம். வெயில் ஏறிய பிறகு உள்ளே போய் இளைப்பாறலாம் என்று தள்ளிப்போடாமல் முதலில் இதைப் பாருங்கள், கால் தெம்பாக இருக்கும்போதே. பல்கலைக்கழகத்திடம் இருந்த பழைய சேகரிப்புகள் இங்கே ஒரே கூரையின் கீழ் வந்திருக்கின்றன. சார்லஸ் நிக்கல்சன் என்பவர் எகிப்தில் வாங்கி 1860இல் கொடுத்த தொல்பொருள்கள் அவற்றில் முதன்மை. அவற்றில் ஒரு சவப்பெட்டியைக் காலி என்றே நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக நினைத்திருந்தார்கள். அண்மையில் ஆய்வுக்காக மூடியைத் தூக்கியபோது உள்ளே பதப்படுத்திய உடலின் எச்சங்கள்! இத்தனை பேராசிரியர்கள் நடமாடிய இடத்தில் ஒருவருக்கும் அதுவரை எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

இனி முற்றம். கோபுரத்துக்குக் கீழே உள்ள வளைவு வழியாக நுழைந்தால் நான்கு பக்கமும் கல் சூழ்ந்த புல்வெளி. பிளாக்கெட் கட்டியது கிழக்கு முகப்பையும் பெருமண்டபத்தையும்தான். மற்றப் பக்கங்களை இருபதாம் நூற்றாண்டில் பிறர் கொஞ்சம் கொஞ்சமாக மூடினார்கள். பல்கலைக்கழகத்தின் முதல் கட்டடக்கலைப் பேராசிரியர் லெஸ்லி வில்கின்சன் அவர்களில் ஒருவர். எந்தக் கல் எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க முயலுங்கள். பெரும்பாலும் தோற்பீர்கள். குழந்தைகள் கூட வந்திருந்தால் அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். கூரை ஓரத்தில் மழைநீர் வடியும் கல் உருவங்களில் ஒரு கங்காரு இருக்கிறது. முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஐஸ்கிரீம்.

முற்றத்து மூலையில் ஒரு ஜக்கரண்டா நிற்கிறது. 1928இல் பேராசிரியர் வாட்டர்ஹவுஸ் நட்ட மரம் 2016இல் பட்டு விழுந்தது. முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த தளிரிலிருந்து வளர்த்த வாரிசு அதே இடத்தில் நடப்பட்டது. அத்தோடு, இது காடிகல் பழங்குடி மக்களின் நிலம் என்பதை நினைவில் வைத்து, இந்த நாட்டு மரமான இல்லவாரா தீக்கொழுந்து மரம் ஒன்றையும் வைத்தார்கள். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் ஜக்கரண்டா ஊதாவாகப் பூக்கும். அது பூத்த பிறகு தேர்வுக்குப் படிக்கத் தொடங்கினால் பயனில்லை என்பது மாணவர் வழக்கு. படம் எடுக்க வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

கோபுரத்தில் தொங்குவது பெரிய மணித்தொகுதி. முதல் உலகப் போரில் இறந்த பல்கலைக்கழகத்தவரின் நினைவாக 1928 ஏப்ரல் 25 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. மணிகள் இங்கிலாந்தின் லஃப்பரோவில் வார்க்கப்பட்டவை. கச்சேரி நேரத்தில் போக வாய்த்தால் முற்றத்துப் புல்லில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: வெள்ளையாய், வளைந்த அலகோடு அரிவாள் மூக்கன் பறவைகள் வரும். ஊரார் வைத்த பட்டப்பெயர் 'குப்பைத்தொட்டிக் கோழி'. சான்ட்விச்சைப் பையிலிருந்து எடுக்கும்போது நாலு பக்கமும் பாருங்கள்.

பெருமண்டபம் திறந்திருந்தால் அதிர்ஷ்டம். பட்டமளிப்பும் நிகழ்ச்சிகளும் உள்ள நாளில் விட மாட்டார்கள். 1859இல் முடிந்தது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தை ஒட்டிய மரக்கூரை, அதில் தேவதை உருவங்கள், லண்டன் நிறுவனம் செய்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். இந்த மண்டபத்துக்குள் யார் யார் பட்டம் வாங்க முடிந்தது என்பதே ஒரு தனி வரலாறு. 1881 வரை பெண்களுக்கு இடமில்லை. முதல் இரண்டு பெண்கள், மேரி பிரவுனும் ஐசோலா தாம்சனும், 1885இல் பட்டம் பெற்றார்கள். சார்லஸ் பெர்க்கின்ஸ் 1966இல் பட்டம் பெற்றார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஆண்களில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல்வர் என்று அவரைச் சொல்வார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில், முப்பது பேர் அளவில் மாணவர்கள் பேருந்தில் கிளம்பி, உள்நாட்டு ஊர்களில் பழங்குடியினர் ஒதுக்கப்படுவதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். மோரீ ஊரில் பழங்குடிக் குழந்தைகளை விடாத நீச்சல் குளத்து வாசலில் நின்றார்கள். அந்தப் பயணத்தை நடத்தியவர் பெர்க்கின்ஸ்தான். இன்று வளாகத்தின் மேற்கே ஒரு பெரிய ஆய்வு மையம் அவர் பெயரில் இருக்கிறது.

இவ்வளவையும் யார் ஆள்கிறார்கள்? நம் ஊர்ப் பெயர்களை வைத்துக் கணக்குப் போட்டால் குழம்பிப்போவீர்கள். இங்கே செனட் என்பது ஆண்டுக்கு ஓரிரு முறை கூடும் பெரிய கூட்டம் அல்ல. அதுதான் உச்ச ஆட்சிக்குழு, உறுப்பினர் 15 பேர் அளவில். பணியாளரும் மாணவரும் தேர்ந்தெடுப்பவர் சிலர், நியமனம் பெறுபவர் சிலர். வேந்தராக ஆளுநர் தாமாக வந்து உட்கார்வதில்லை, செனட்டே வேந்தரைத் தேர்ந்தெடுக்கிறது. அன்றாட நிர்வாகம் துணைவேந்தர் கையில். பாடத்திட்டம், கல்வித்தரம் பற்றிய பேச்சு கல்வி வாரியத்தில். பதினாறு புலங்களாகச் சிதறிக் கிடந்ததைக் கடந்த பத்தாண்டில் ஐந்து புலங்களாகவும் மூன்று பள்ளிகளாகவும் சுருக்கினார்கள். அந்தப் பள்ளிகள் சட்டம், கட்டடக்கலை, இசை. சுருக்கம் நல்லதா என்று இரண்டு பேராசிரியர்களைக் கேட்டால் மூன்று பதில் வரும்.

'அரசுப் பல்கலைக்கழகம்' என்பதிலும் ஒரு முடிச்சு உண்டு. சட்டம் மாநிலத்தினுடையது, பொதுப் பணம் பெரும்பாலும் மத்திய அரசினுடையது. கஃப் விட்லம் பிரதமராக இருந்தபோது 1974இல் கட்டணமே ஒழிந்தது. அவரும் இங்கே படித்தவர்தான். 1989இல் கட்டணம் திரும்பி வந்தது, ஆனால் உள்நாட்டு மாணவர் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு வரியோடு சேர்த்துக் கட்டும் கடனாக. வெளிநாட்டு மாணவருக்கு அந்தச் சலுகை இல்லை. இங்கே படிப்பவர்களில் பாதிக்கு அருகில் அவர்கள்தான். அவர்கள் கட்டும் பணம் இல்லாமல் இந்த நிறுவனம் இன்றைய அளவில் ஓடாது.

திரும்பும் வழி ஈஸ்டர்ன் அவென்யூ. ஃபிஷர் நூலகத்தின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். தாமஸ் ஃபிஷர் செருப்புத் தைக்கும் தொழிலில் தொடங்கிச் சொத்துச் சேர்த்தவர். 1885இல் அவர் உயில்வழி வந்த 30,000 பவுண்டு நூலகத்துக்கு அடித்தளமாயிற்று. கண்ணாடியால் ஆன சட்டப் பள்ளிக் கட்டடத்தைக் கடந்து, சிட்டி சாலைக்கு மேல் உள்ள நடைபாலத்தில் ஏறி, டார்லிங்டன் பக்கம் இறங்கினால் ரெட்ஃபெர்ன் நிலையம் நடக்கும் தூரம்.

பசித்தால் நியூடவுனின் கிங் தெரு பக்கத்தில்தான். நம் சாப்பாடே வேண்டும் என்றால் ரெட்ஃபெர்னில் மேற்கே போகும் ரயிலைப் பிடித்து வென்ட்வொர்த்வில்லில் இறங்குங்கள். தோசை கிடைக்கும், மாவும் கிடைக்கும், கடைக்காரர் தமிழிலேயே விலை சொல்வார். அந்த ஊரின் பெயர் நம் வென்ட்வொர்த்தின் அப்பாவுக்கு அங்கே இருந்த நிலத்திலிருந்து வந்தது.