நகையும் நன்றியும்

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர், நகையை முதலிற் கூறி, அழுகையை அதனையடுத்து வைத்தார். இவ்விரண்டும் அண்டை வீட்டார் போல்வன. அழுகைக்கு இடனாகிய வாழ்விலிருந்தே உலகிற்கு நகைவிருந்து படைத்தோர் சிலர் உளர். அவருள் ஒருவர் அமெரிக்க நாட்டு நடிகையாகிய கரோல் பர்னெட் அம்மையார்.

அவர் 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோணியோ நகரிற் பிறந்தார். தந்தையும் தாயும் குடிக்கு அடிமையாயினமையின், குழந்தையை வளர்க்கும் பொறுப்புப் பாட்டியாரைச் சார்ந்தது. பாட்டியும் பெயர்த்தியும் ஹாலிவுட்டில் ஒற்றையறைக் குடியிருப்பொன்றில் வறுமையோடு வாழ்ந்தனர். திரைப்படம் காண்டலே அவர்கட்கு வாய்த்த இன்பம்.

இதழாளராக விரும்பிய கரோல், லாஸ் ஏஞ்சலீஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து நாடகக்கலை பயின்றார். ஆங்கு அவர் மேடையேறியபொழுது அவையோர் எழுப்பிய சிரிப்பொலி, அவர்தம் வாழ்க்கை வழியையே மாற்றிற்று. நடிகையாதற்கு நியூயார்க் செல்ல வேண்டும், கையிலோ பொருளில்லை. அந்நிலையில், ஒரு விருந்தில் அவர் நடிப்பைக் கண்ட செல்வர் ஒருவர், 1000 டாலர் கடனாகத் தந்தார். வட்டியின்றி ஐந்தாண்டுகளில் திருப்பித் தருக. என் பெயரை எவர்க்கும் உரையாதொழிக. நீ உயர்ந்தபின் பிறர்க்கு உதவுக என்பனவே அவர் விதித்த நிபந்தனைகள். கரோல் குறித்த காலத்திற் கடனைத் தீர்த்தார். அச்செல்வரின் பெயரை அவர் வெளியிட்டாரல்லர்.

1959ஆம் ஆண்டில் 'ஒன்ஸ் அப்பான் எ மேட்ரஸ்' என்னும் இசைநாடகத்தில் இளவரசியாக நடித்துப் புகழ் பெற்றார். பின்னர்ச் சி.பி.எஸ். தொலைக்காட்சியாரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதன்படி, முதல் ஐந்தாண்டுகளுக்குள் அவர் வேண்டின், ஒருமணி நேரப் பல்சுவை நிகழ்ச்சியை அந்நிறுவனத்தார் அளித்தல் வேண்டும். அவ்வுரிமையை அவர் கேட்டபொழுது, அத்தகைய நிகழ்ச்சி ஆடவர்க்கே உரியதென அலுவலர் தயங்கினர். கரோல் தளர்ந்தாரல்லர். 1967ஆம் ஆண்டில் தொடங்கிய 'கரோல் பர்னெட் ஷோ' 1978 வரை நடந்து, 25 எம்மி விருதுகளைப் பெற்றது. நிகழ்ச்சிதோறும் முடிவில் அவர் தம் காதைத் தொட்டு இழுப்பார். நலமாயுள்ளேன் எனவும் அன்புடையேன் எனவும் பாட்டியார்க்கு உணர்த்தும் குறிப்பு அது. பாட்டியார் மறைந்த பின்னரும் அவ்வழக்கம் நின்றிலது.

1976ஆம் ஆண்டில் ஓர் இதழ், உணவகத்தில் அவர் குடிமயக்கத்தில் நடந்துகொண்டார் எனப் பொருள்படப் பொய்ச்செய்தி வெளியிட்டது. குடியாற் பெற்றோரை இழந்தவர்க்கு இஃது எத்துணைத் துன்பந் தந்திருக்கும்! அவர் வழக்குத் தொடுத்து, 1981இல் வெற்றி பெற்றார். அதன்வழி வந்த பொருளில் ஒரு பகுதியை, இதழியல் அறம் கற்பித்தற்குப் பல்கலைக்கழகங்கட்கு வழங்கினார்.

தம் இளமை வரலாற்றைப் புதல்வியர் மூவர்க்கும் எழுதும் மடலாகக் கருதி எழுதி, 1986இல் 'ஒன் மோர் டைம்' என்னும் நூலாக வெளியிட்டார். மூத்த மகளாகிய கேரி அம்மையாரும் அவரும் அதனைத் தழுவி ஒரு நாடகம் யாத்தனர். 2002ஆம் ஆண்டு சனவரியில் கேரி புற்றுநோயால் மறைந்தார். தாயார் ஆற்றாத் துயரிலும் அப்பணியை விடாது நின்று, அந்நாடகத்தை அவ்வாண்டிலேயே அரங்கேறச் செய்தார்.

மாணவர்களே! சிரிக்க வைப்போர் துயரறியாதார் என எண்ணற்க. தம் துயரைப் பிறர்மேல் ஏற்றாது, பெற்ற உதவியை மறவாது வாழ்ந்தமையே இவ்வம்மையார்க்குச் சிறப்பு. கடனாகப் பெற்ற பொருளை ஐந்தாண்டில் அடைத்துவிடலாம். பிறர்க்கு உதவுக என்னும் கடனோ வாழ்நாள் முழுதும் அடைத்தற்குரியது.