கோடைப் பயிற்சி முகாம்: கட்டணத்தைக் குறைக்க

ஆட்டிசம் உள்ள குழந்தையை அனுப்பும் மே மாத முகாமுக்கான பணத்தை மார்ச்சிலேயே யோசிக்க வேண்டும். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் உண்டு. ஆண்டு வரம்பு 1 லட்சம் ரூபாய்; முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கிடையாது. இதன் ஆண்டுக்கணக்கு ஏப்ரல் 1-இல் தொடங்குவதால், மார்ச்சில் புதுப்பிக்க மறந்தவர்களுக்குக் கோடைச் செலவு கைக்காசாகிவிடலாம்.

முகாமில் மொத்தமாக ஒரே ரசீது தந்தால் வாங்காதீர்கள். பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, விளையாட்டு, சாப்பாடு என்று பிரித்துக் கேளுங்கள். சிகிச்சைக்கான தொகையைத்தான் காப்பீட்டில் கோர முடியும். மருத்துவர் சீட்டும் அசல் ரசீதும் அவசியம்.

முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. சென்னை மாத்தூரிலிருந்து அது நகரத்தின் மறுகோடி. தினமும் அலைவது குழந்தைக்கும் பாடு. அங்கே மதிப்பீடு செய்து, வீட்டுப் பயிற்சித் திட்டம் எழுதி வாங்கி வருவதே புத்திசாலித்தனம்.

பயணத்துக்கு மாநகர சாதாரணக் கட்டணப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன்வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

மணலி, மாத்தூர் பக்கம் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்தால், ஒரு தெரபிஸ்ட்டை வாரம் இருமுறை வரவழைத்துச் செலவைப் பங்கிடலாம்.

பழைய வருமானவரி முறையில் இருப்போர் மாற்றுத்திறனாளிக் குழந்தைக்காக 80டிடி பிரிவில் 75,000 ரூபாய் கழிவு கோரலாம். குறைபாடு கடுமையானதெனில் 1,25,000. இரண்டுக்கும் மருத்துவச் சான்றிதழ் தேவை.