மீன்பிடிக்கு வந்து சேர்

மேலூர்,
பங்குனி 2025

அன்புள்ள தாயி,

கடிதம் கிடைத்தது. எண்ணூர் மாசு வழக்கில் வாய்தா மேல் வாய்தா, கூட நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், இந்த நேரத்தில் ஊருக்கு வந்து திருவிழா பார்ப்பது குற்றமாகப் படுகிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். கடைசியில், ‘நீங்கள் டங்ஸ்டனை எப்படித்தான் விரட்டினீர்கள் பெரியம்மா?’ என்று ஒரு கேள்வி. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

2024 நவம்பர் 7-ந்தேதி, எங்கள் பக்கத்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏல முடிவு வந்தது. சுமார் 5,000 ஏக்கர். அந்தப் பரப்புக்குள்ளேயே அரிட்டாபட்டி; அதைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசு அறிவித்து ரெண்டு வருஷம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை. அதே மாதம் 23-ந்தேதி கிராமசபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் போட்டது. ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியில் கிளம்பிய சனம் மதுரை தல்லாகுளம் வரை நடந்தே போனது. 23-ந்தேதி ஏலம் ரத்து.

பத்திரிகையில் இவ்வளவுதான் வரும். கதிர் முற்றி நிற்கிற மார்கழியில், வயலைப் போட்டுவிட்டு அத்தனை பேர் எப்படி ஒரே நாளில் ரோட்டுக்கு வந்தார்கள் என்பது வராது. எனக்குத் தெரிந்த பதில் நீ சின்னப்பிள்ளையில் சேறும் சகதியுமாக நின்ற மீன்பிடித் திருவிழாதான். சிரிக்காதே.

யோசித்துப் பார். கண்மாய் நிறைந்த நாளிலிருந்து யாரும் அதில் தூண்டில் போடக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டால், மாதக்கணக்கில் ஒருத்தரும் போடுவதில்லை. காவலுக்குப் போலீஸா நிற்கிறது? பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றியதும் நாள் குறித்து அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புகிறார்கள். முன்பு தண்டோரா, இப்போது வாட்ஸ்அப். விடியுமுன்னே ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு கரையில் வந்து நிற்கிறவர்கள், சாமி கும்பிட்டு, பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுகிற வரைக்கும் ஒரு கால்கூடத் தண்ணீரில் வைப்பதில்லை. வீசியதும் பார்க்க வேண்டும்! கெளுத்தி, கெண்டை, விரால், எது அகப்பட்டாலும் அது அவரவர் வீட்டுக் குழம்புக்கு. விற்கக் கூடாது. வெளியூர்க்காரருக்கும் கட்டணம் கிடையாது.

காத்திருப்பது, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுவது, கூப்பிட்ட நேரத்தில் மொத்தமாக இறங்குவது, கண்மாயில் இருப்பதை எல்லோருக்கும் பொதுவாக வைப்பது. இதையெல்லாம் எங்கள் சனம் வருஷா வருஷம் சிரித்துக்கொண்டே பழகியிருந்தது. டங்ஸ்டன் வந்தபோது புதிதாகச் சங்கம் கட்ட வேண்டியிருக்கவில்லை.

இளவேனிலைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தாய், பூவைப் பார்க்கவே மனசில்லை என்று. இங்கே புங்கு தளிர்த்துவிட்டது, வேம்பு பூவெடுக்கிறது, சித்திரைக்குள் கொன்றையும் தொங்கும். மரத்தைப் பார்த்து நம்பிக்கை கற்றுக்கொள் என்று உனக்குப் பாடம் எடுக்க மாட்டேன். வாத்தியார் வேலையில் அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. எங்களுக்கு இந்தப் பருவத்தின் அருமை வேறு. அறுப்பு முடிந்து, களம் காலியாகி, கையில் வேலை இல்லாத காலம் இது. சம்பந்தம் பேசுவது, சண்டையைத் தீர்ப்பது, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கட்டுச்சோற்றோடு போவது எல்லாம் இப்போதுதான். இப்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காவிட்டால், அடுத்த மார்கழியில் கூப்பிட்டால் யார் வருவார்கள்?

அதற்காக ஊர் என்றாலே புண்ணிய பூமி என்று நினைத்துவிடாதே. இதே தாலுகாவில்தான், தலித் ஒருவர் பஞ்சாயத்துத் தலைவரானார் என்ற ஒரே காரணத்துக்காக, 1997-ல் மேலவளவு முருகேசனைக் கூட இருந்தவர்களோடு வெட்டிக் கொன்றார்கள். ஊர்க் கட்டுப்பாடு கொல்லவும் செய்யும். கரையில் யார் முன்னால் நிற்பது, யாருக்கு முதல் மரியாதை என்பதில் இன்றைக்கும் எனக்குச் சண்டை உண்டு. ஆனால் டங்ஸ்டன் போராட்டப் பந்தலில் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். எழுந்து வீட்டுக்குப் போன பிறகும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதுதான் இங்கே என் வேலை.

எங்களுக்கு அதிர்ஷ்டமும் கூட நின்றது, மறைக்க மாட்டேன். சட்டமன்றத் தீர்மானம் ஒருமனதாகவே நிறைவேறியது. ரெண்டரை மாதத்தில் முடிந்துபோனது. உனக்கு அப்படி இல்லை. எண்ணூரில் சாம்பலைக் கொட்டியதே அரசாங்கத்து அனல்மின் நிலையம், எண்ணெய் படர்ந்த 2023 வெள்ளமும் கழிந்து வருஷம் ஓடிவிட்டது. இது இழுக்கும். இழுக்கிற சண்டைக்குக் கோபத்தை மட்டும் நம்பினால் ரெண்டு வருஷத்தில் ஆள் காலி.

அதனால் கேட்கிறேன். மனு உண்டு, விசாரணை உண்டு, பத்திரிகையாளர் சந்திப்பு உண்டு. எண்ணூர் முகத்துவாரத்து மீனவ வீடுகளில் உட்கார்ந்து, வழக்கைப் பற்றி ஒரு பேச்சும் இல்லாமல், நீங்களெல்லாம் சேர்ந்து சாப்பிட்டது எப்போது? அவர்கள் வீட்டு மஞ்சள்நீருக்கு, கோயில் கொடைக்கு நீ போனாயா? கழன்றுபோனவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடாதே, விருந்துக்குக் கூப்பிடு. நாலு பேர் வந்தாலும் அடுத்த வருஷம் அதே நாளில் மறுபடி வை. அறிக்கை எழுதுவதை ரெண்டு நாள் தள்ளிப்போட்டால் ஆறு ஒன்றும் ஓடிவிடாது.

எங்கள் கண்மாய்க்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. சித்திரா பௌர்ணமிக்கு முன்னால் இருக்கும் என்கிறார்கள். தெரிந்ததும் போன் பண்ணுகிறேன், அன்றே பஸ் ஏறு. பழைய துணி எடுத்து வா. போன தடவை நல்ல சுடிதாரைப் பாழாக்கிவிட்டு என்னைத் திட்டினாய். அந்த எண்ணூர்ப் பிள்ளைகளையும் கூட்டி வா, கடல் மீன் தின்றவர்கள் எங்கள் விராலை என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம். வீட்டில் ஊத்தா ரெண்டுதான் இருக்கிறது, எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
பெரியம்மா