பத்து மீட்டர் ஏர் பிஸ்டல்: புதியவருக்கான முழுமையான பராமரிப்பு வழிகாட்டி

புது ஏர் பிஸ்டல் கைக்கு வந்த முதல் மாதத்தில் பலரும் அதைத் தேவைக்கு மேல் கவனிப்பார்கள். எண்ணெய் விடுவார்கள். கண்ணில் படுகிற திருகாணியை எல்லாம் கால் சுற்று திருப்பிப் பார்ப்பார்கள். இன்று சைட், நாளை டிரிகர், மறுநாள் கிரிப் என்று மாற்றிக்கொண்டே போய், ஸ்கோர் ஏன் இறங்கியது என்று பயிற்சியாளரிடம் கேட்பார்கள். ஒரே வாரத்தில் நான்கு மாற்றம் செய்தவருக்கு எந்தப் பயிற்சியாளராலும் பதில் சொல்ல முடியாது. இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை நோட்டில் எழுதுங்கள்.

வாங்குவதற்கு முன்

இந்தியாவில் 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் அப்படித்தான் வகுத்திருக்கின்றன. போட்டிக்கான ஏர் பிஸ்டல் சுமார் ஆறு ஜூல்தான் தரும் என்பதால் வரம்புக்கு வெகு கீழே நிற்கிறது. உரிமம் வேண்டாம் என்பதால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஆறு ஜூல் ஒரு கண்ணைப் பறிக்கப் போதும்.

முதல் சில மாதங்கள் கிளப் துப்பாக்கியிலேயே சுடுவது நல்லது. சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் சுட வந்த பிறகு, இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே பலருக்குத் தெரிந்தது. ஸ்டெயர், மொரினி, வால்தர், பார்டினி, ஃபைன்வெர்க்பாவ் என்று போட்டித் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வருகின்றன, விலை லட்சத்தைத் தாண்டும். உங்கள் கைக்கு எது பொருந்தும் என்று தெரிவதற்கு முன் அந்தப் பணத்தைப் போடாதீர்கள். பழைய துப்பாக்கி வாங்குவதானால் முதலில் பார்க்க வேண்டியது காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

படி 1: கையில் எடுக்கும் முறை

துப்பாக்கியை எடுத்ததும் குழாயின் வாய் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே. பெல்லட் போடும் இடமான பிரீச்சைத் திறந்து உள்ளே பெல்லட் இல்லை என்று கண்ணால் பாருங்கள், பிறகு குழாய் நீளத்துக்கும் பளிச்சென்ற நிறத்தில் ஒரு சேஃப்டி ஃபிளாக் கயிற்றைச் செருகுங்கள். குழாயின் இரு பக்கமும் அந்தக் கயிறு தெரிந்தால்தான் அக்கம்பக்கத்தில் நிற்பவர் நிம்மதியாக இருப்பார். சுத்தம் செய்ய உட்காரும்போதும் இதே வரிசைதான். மேசையில் பெல்லட் டப்பா இருக்கக் கூடாது. சிலிண்டரைக் கழற்றிய பிறகும் துப்பாக்கியின் உள்ளே ஒரு குண்டுக்கான காற்று மிச்சம் இருக்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

படி 2: கிரிப்

ஏர் பிஸ்டலை ஒரே கையால் சுட வேண்டும், மணிக்கட்டுக்கு எந்த ஆதாரமும் கூடாது. அதனால் துப்பாக்கியும் நீங்களும் சந்திக்கும் ஒரே இடம் அந்த மரப்பிடிதான். சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகள் உண்டு. கண்ணை மூடிப் பிடித்து, கையை நீட்டி, கண்ணைத் திறந்து பாருங்கள். ஃபிரண்ட் சைட் ரியர் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் தானாக வந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ போய் நின்றால் கிரிப் பொருந்தவில்லை என்று அர்த்தம், மணிக்கட்டை முறுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

இடைவெளி இருக்கும் இடத்தில் மரப் புட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்கலாம். மெல்லிய பூச்சாக வைத்து, சில நாள் சுட்டுப் பார்த்து, பிறகு அடுத்த பூச்சு. தேய்த்து எடுத்த மரம் திரும்பி வராது. ஆகவே முதலில் கூட்டுங்கள், கடைசியில் குறையுங்கள். நம் ஊர் வியர்வைக்குக் கைப்பிடியின் சொரசொரப்பில் அழுக்கு ஏறி வழவழவென்று ஆகிவிடும். காய்ந்த பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும், தண்ணீர் வேண்டாம்.

படி 3: பெல்லட்

போட்டிக்கான பெல்லட்டின் மூக்கு தட்டையாக இருக்கும். காகித இலக்கில் வட்டமான சுத்தமான துளை விழுவதற்காகத்தான் அப்படி. பிஸ்டலுக்குப் பெரும்பாலோர் பயன்படுத்துவது 0.45-இலிருந்து 0.53 கிராம் வரை எடையுள்ளவை. டப்பாவின் மேல் 4.49, 4.50 என்று தலையின் விட்டம் எழுதியிருக்கும். எது நல்லது என்பதை உங்கள் குழாய்தான் சொல்லும். துப்பாக்கியை ஒரு பிடிப்பானில் இறுக்கி வைத்து, ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, எந்தக் கூட்டம் நெருக்கமாக விழுகிறது என்று பார்க்கலாம். ஆனால் பத்து வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், தொடக்கத்தில் உங்கள் கை அதைப் போல் பல மடங்கு அலையும். எனவே முதல் ஆண்டில் இந்த ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் கருத்து. நல்ல பெயருள்ள ஒரு வகையை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

பெல்லட் ஈயம். வாயில் வைத்துக்கொள்ளும் பழைய பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, அதை உடனே விடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் டீயும் வடையும். பயிற்சி முடித்த கையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். அமெரிக்க வீடியோக்களில் சுட்ட வெற்றுக் குப்பிகளை எடுத்து, வீட்டு மேசையில் புதிய பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் ஏற்றித் தோட்டா செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய விட்டத் துப்பாக்கிகளில் ஆயிரக்கணக்கில் சுடுபவர்களுக்கு அங்கே அது செலவைக் குறைக்கும் வழி. அதைப் பார்த்துவிட்டு இங்கே ‘நாமும் செய்யலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். மேலும், ஏர் பிஸ்டலிலிருந்து நீங்கள் அடுத்துப் போகக்கூடிய .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து குப்பியின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி அடித்து நசுங்கிய அந்த விளிம்பை மறுபடி நிரப்ப நடைமுறையில் வழியில்லை. ஆக நமக்கு அந்தக் கவலையே வேண்டாம்.

படி 4: காற்று

பராமரிப்பில் முக்கால் பங்கு இங்கேதான். சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வரை காற்று ஏறும். கார் டயரில் இருப்பது சுமார் இரண்டு பார் என்பதை நினைத்துக்கொண்டால் இதை மரியாதையுடன் கையாளத் தோன்றும்.

நிரப்பும்போது மெதுவாக நிரப்புங்கள். வேகமாக ஏற்றினால் சிலிண்டர் சூடாகும், முள் 200-ஐத் தொடும், அரை மணி கழித்துப் பார்த்தால் இறங்கியிருக்கும். அது கசிவு இல்லை, சூடு தணிந்ததால் அழுத்தம் குறைந்தது. கிளப்பில் முக்குளிப்போர் வைத்திருப்பது போன்ற பெரிய சிலிண்டர் இருந்தால் வேலை எளிது. வீட்டில் கைப்பம்பு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் அடித்து, பம்பு ஆற விட்டு, பிறகு தொடர வேண்டும். கடற்கரை ஊர்களின் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரமும் அழுத்தப்பட்டுச் சிலிண்டருக்குள் போகும், உள்ளே துரு பிடிக்கும், வால்வு கெடும். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி உள்ள பம்பாகப் பார்த்து வாங்குங்கள். நிரப்ப வேண்டியது சாதாரணக் காற்று மட்டுமே. மருத்துவ ஆக்சிஜன் கிடைக்கிறதே என்று யாராவது யோசனை சொன்னால் அந்த இடத்தை விட்டு விலகிப் போங்கள், உயர் அழுத்த ஆக்சிஜனும் கிரீஸும் சேர்ந்தால் வெடிக்கும்.

அதே காரணத்தால் காற்று போகும் வழியில் தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் படக் கூடாது. அங்கே தயாரிப்பாளர் சொல்லும் சிலிக்கான் கிரீஸ் மட்டும், அதுவும் விரல் நுனியில் மினுமினுக்கும் அளவுக்கு.

காற்று கசிகிறது என்று தோன்றினால் எங்கே என்று பிரித்துப் பாருங்கள். இரவு சிலிண்டரைக் கழற்றித் தனியாக வைத்து, அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் குறைந்திருந்தால் கோளாறு சிலிண்டரில். அப்படியே இருந்தால் அடுத்த இரவு துப்பாக்கியில் பூட்டி வைத்துப் பாருங்கள், அப்போது குறைந்தால் துப்பாக்கியின் பக்கம். பெரும்பாலும் குற்றவாளி சிலிண்டர் பூட்டும் இடத்தில் இருக்கும் ஓ-ரிங்தான். சில ரூபாய் ரப்பர் வளையம். சரியான அளவில் நான்கைந்து வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். அதை எடுக்கக் குண்டூசியைப் பயன்படுத்தினால் பள்ளத்தில் கீறல் விழும், பிறகு எந்த வளையமும் அடைக்காது. பல்குத்தும் மரக்குச்சி போதும். சிலிண்டரைக் கழற்ற ஸ்பேனர் தேவைப்பட்டால் ஏதோ தவறாக இருக்கிறது. கையால் வராததை வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள்.

இப்போது அந்தத் தேதி. சிலிண்டரில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கொடுக்கும் ஆயுள் பத்து ஆண்டு. அது தாண்டிய சிலிண்டரைச் சர்வதேசப் போட்டிகளில் சோதனையின்போது ஏற்க மாட்டார்கள். வீட்டிலும் ஏற்காதீர்கள். மலிவாகக் கிடைத்த பழைய துப்பாக்கிக்குப் புதுச் சிலிண்டர் இரண்டு வாங்கும் செலவைச் சேர்த்தால் விலை என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படி 5: குழாயைச் சுத்தம் செய்தல்

வெடிமருந்து இல்லாததால் ஏர் பிஸ்டல் குழாயில் கரி படியாது. கொஞ்சம் ஈயத் தூளும், பெல்லட்டின் மேலிருந்த மசகும்தான் ஒட்டும். ஒன்றிரண்டு டப்பா, அதாவது ஐந்நூறு ஆயிரம் குண்டுகளுக்கு ஒரு முறை சுத்தம் செய்தால் போதும். நைலான் நூலில் ஃபெல்ட் துண்டைக் கோத்து, பிரீச் பக்கத்திலிருந்து நுழைத்து, வாய் வழியாக இழுங்கள். துண்டு வெளுப்பாக வரும்வரை இரண்டு மூன்று முறை. இரும்புக் கம்பி, பித்தளை பிரஷ் இரண்டும் வேண்டாம். குழாயின் வாய் விளிம்பில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் பெல்லட் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். சுத்தம் செய்த உடனே விழும் சில குண்டுகள் வழக்கமான இடத்தில் விழாது. ஆகவே போட்டிக்கு முந்தின இரவு இந்த வேலையில் இறங்காதீர்கள்.

படி 6: டிரிகர்

விதிப்படி டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். குழாயை மேல்நோக்கிச் செங்குத்தாகப் பிடித்து, டிரிகரில் எடைக்கல்லை மாட்டி, மேசையிலிருந்து மெல்லத் தூக்குவார்கள். விடுபட்டால் தோல்வி. சரியாக 500-இல் நிறுத்தி வைப்பவர்கள்தான் போட்டிக் காலையில் சோதனை மேசை முன்னால் வியர்த்துப்போய் நிற்பார்கள். பாகங்கள் தேயத் தேய அளவு நகரும். பத்து இருபது கிராம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

டிரிகரைச் சுற்றியுள்ள திருகாணிகள் முதல் கட்டத்தின் நீளம், எடை, இரண்டாம் கட்டத்தின் கூர்மை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆளும். தொடுவதற்கு முன் மொபைலில் படம் எடுங்கள். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். மாற்றியபின் சில நாள் சுடாமல் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

போட்டித் துப்பாக்கிகளில் காற்று வெளியேறாமல் டிரிகரை மட்டும் இழுக்கும் வசதி உண்டு. வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்து தினம் கால் மணி நேரம் இப்படிப் பயிற்சி செய்வது, வாரம் ஒரு நாள் கிளப்புக்குப் போய் நூறு குண்டு சுடுவதைவிடப் பலன் தரும். ஸ்பிரிங் வகைத் துப்பாக்கியில் இதைச் செய்யக் கூடாது, பெல்லட் இல்லாமல் விட்டால் பிஸ்டன் போய் மோதிச் சேதமாகும்.

படி 7: சைட்

இதில் சொல்ல அதிகமில்லை. ஃபிரண்ட் சைட்டின் இரு பக்கமும் சமமான வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும், கண்ணின் கவனம் ஃபிரண்ட் சைட்டில் நிற்க வேண்டும், கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் சரி. ஒரு குண்டு தவறினால் சைட்டை நகர்த்தும் கிளிக் திருகைத் திருப்பாதீர்கள். ஐந்து குண்டும் ஒரே பக்கமாகக் கூடி விழுந்தால் திருப்புங்கள்.

வீட்டில் வைப்பதும் வெளியூர் போவதும்

பயிற்சி முடிந்ததும் உலோகப் பாகங்களைக் காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு மெத்தை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், வாரம் ஒரு முறையாவது திறந்து காற்றாட விடுங்கள். பெட்டிக்குப் பூட்டு கட்டாயம். அக்னி நட்சத்திர வெயிலில் நிறுத்திய காருக்குள் நிரப்பிய சிலிண்டரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

விமானத்தில் போவதானால் சிலிண்டரை அதற்கான கருவியால் முழுதும் காலி செய்து, கழற்றி, முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் தெரிவித்துவிடுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை மாறும், கிளப் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். போய்ச் சேரும் ஊரில் காற்று எங்கே நிரப்பலாம் என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

பையில் என்னென்ன இருக்க வேண்டும்? ஓ-ரிங்குகள், சரியான அளவு ஆலன் கீ, மின் டிரிகர் உள்ள துப்பாக்கியானால் மாற்று பேட்டரி, நிரப்பிய இரண்டாவது சிலிண்டர். டோக்கியோ ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவிலேயே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கி பழுதானது. அதைச் சரிசெய்துவிட்டு வந்து, மிச்சமிருந்த நேரத்துக்குள் அவசரமாகச் சுட்டு முடித்தும் 575 புள்ளி எடுத்தார், இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று கைவிட்டுப் போனது. மூன்று ஆண்டு கழித்து பாரீஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார். தகுதிச் சுற்றின் அறுபது குண்டுக்கு 75 நிமிடம் என்பது தாராளமாகத் தோன்றும், துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்யும்வரை. உங்களால் மாற்று துப்பாக்கி வாங்க முடியாது. ஆனால் மாவட்டப் போட்டிக்குப் போகும்போது, பழுதானால் தன் துப்பாக்கியைக் கொடுத்து உதவக்கூடிய கிளப் நண்பர் யார், அவர் எந்தச் சுற்றில் சுடுகிறார் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளலாம். அந்தத் துப்பாக்கியில் உங்கள் கை பொருந்துகிறதா என்று அதற்கு முந்தைய வாரமே ஐந்து குண்டு சுட்டுப் பார்த்துவிடுங்கள்.