குன்னூரில் ஓர் அமெரிக்கப் பாட்டி

என் பாட்டியின் பாட்டி அமெரிக்கர், 1870-களில் குன்னூரில் இறந்தார் என்பது வீட்டுப் பேச்சு. மேரி என்ற பெயர் மட்டுமே தெரியும். எங்கிருந்து தேடுவது? – வாசகி, வெலிங்டன்

மேரியைத் தேடாதீர்கள், எத்தனை மேரிகளைத்தான் பார்ப்பீர்கள்! மேரியின் மகளைத் தேடுங்கள். அக்கால ஏடுகளில் பெண் பெரும்பாலும் 'இன்னாரின் மனைவி'தான். ஆனால் பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் தாய் தகப்பன் இருவர் பெயரும், ஊரும், தகப்பனின் தொழிலும் ஒரே வரியில் நிற்கும். குடும்பப் பெயர் கையில் கிடைத்துவிட்டால் மற்றவை தானே அவிழும். குன்னூர் ஆல் செயின்ட்ஸ், ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயங்களில் கேளுங்கள். அங்கே ஏடு செல்லரித்திருந்தாலும் கவலை வேண்டாம். மதராஸ் மாகாண ஆங்கிலிக்கன் பதிவுகளின் நகல் லண்டனுக்குப் போனது, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

அமெரிக்கருக்கு ஆங்கிலேயர் கோயிலில் என்ன வேலை என்பீர்கள். மலையூரில் அடக்கம் செய்துவைக்க அருகிலிருந்த பாதிரியாரைத்தான் அழைத்திருப்பார்கள். அங்கும் இல்லையென்றால் அவர் மிஷனரிக் குடும்பத்தவராக இருக்கலாம். அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷன் 1857 வரை அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரி அமைப்பின் கீழ் இருந்தது. போர்டின் கடிதங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன. அமெரிக்கக் கணக்கெடுப்பை நம்பி இறங்குமுன் ஒன்று: 1850-க்கு முன் அதில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு.

கல்லறைக் கல்லைக் கடைசியில் தேடுங்கள். நீலகிரி மழையில் எழுத்து நிற்காது.